புதுப்பிப்பு: எஸ்டேட் திறக்கவில்லை, தூக்கம் வந்துவிட்டது

கேரளாவில் வண்டிப்பெரியாறு பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட் பூட்டிக் கிடக்கிறது, கிராஜுவிட்டி வருமா, லயத்தை, அதாவது நாங்கள் குடியிருக்கும் எஸ்டேட் வரிசை வீட்டை, காலி செய்யச் சொல்வார்களா, ராத்திரி கண்ணே மூட முடியவில்லை என்று போன மழைக்காலத்தில் எழுதியிருந்தேன். என்ன ஆயிற்று என்று பலர் கேட்டீர்கள்.

பூட்டு அப்படியேதான் இருக்கிறது. எங்களுக்குப் பிரித்துவிட்ட செடிகளில் கொழுந்து கிள்ளி விற்கிறோம்.

14416-க்கு, அதாவது அரசின் டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண்ணுக்கு, போன் போட்டேன். 2022-இல் தொடங்கியது, இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு. தமிழிலேயே பேசினார்கள். கவலைக்கென்று தினமும் ஒரு நேரம் ஒதுக்கச் சொன்னார்கள். அரை மனதாகத்தான் ஆரம்பித்தேன். கொழுந்து எடை போட்டு வந்ததும், மகளின் பழைய கணக்கு நோட்டில் எல்லாவற்றையும் கொட்டுவேன். நடுராத்திரி கவலை திரும்ப வந்தால், 'நாளைக்குச் சாயங்காலம் வா' என்று அனுப்பிவிடுவேன். பாதி நாள் அது சொன்னபடி போய்விடுகிறது!

அதைவிடப் பெரிய உபகாரம், வதந்திக்குக் கதவடைத்தது. 'அடுத்த மாதம் திறக்கிறார்களாம்' என்று ஆளாளுக்குக் கிளப்பியதில்தான் பாதி உயிர் போனது. இப்போது லயத்துக்கு ஒருவர் யூனியன் ஆபீசில் கேட்டு வந்து சொல்வார். மற்றதைக் காதில் போடுவதில்லை.

அம்மாவிடம் மட்டும் எதுவும் எடுபடவில்லை. "உனக்கு நோட்டு, எனக்கு முருகன், போடா" என்கிறார்.