சுழற்றல், தன்னோட்டம்: கிளம்பாத காருக்கு இரண்டு சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

கார் பழுதறியும் கையேட்டின் தமிழாக்கத்தில், 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்று வரும் இடங்களிலெல்லாம் 'தொடங்கவில்லை' என்ற ஒரே சொல்லை இடலாம் என முந்தைய மடலில் நண்பர் பரிந்துரைத்திருந்தார். எளிமை கருதிச் சொன்னது புரிகிறது. ஆயினும் அந்த ஒரு சொல்லுக்குள் இரு வேறு பழுதுகள் ஒளிந்துகொள்வதால் ஏற்கத் தயங்குகிறேன். சாவியைத் திருப்பியும் எஞ்சின் அசையவே இல்லை என்பது ஒன்று. எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் தானாக ஓடும் நிலைக்கு வரவில்லை என்பது மற்றொன்று. முதலாவதற்குப் பேட்டரி, அதன் இணைப்புகள், எஞ்சினை முதலில் சுற்றவைக்கும் ஸ்டார்ட்டர் மோட்டார், அதற்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சொலினாய்டு, கிளட்ச் மிதியடியின் சுவிட்சு ஆகியவற்றில் தேட வேண்டும். இரண்டாவதில் இவற்றைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, எரிபொருள் வருகிறதா, பெட்ரோல் எஞ்சினாயின் தீப்பொறி விழுகிறதா, வணரித்தண்டின் (எஞ்சினுள் சுற்றும் 'கிராங்க்ஷாஃப்ட்') நிலையை உணரும் சென்சார் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

'செல்ஃப் எடுக்கவில்லை' என்றும் 'செல்ஃப் எடுக்கிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை' என்றும் மெக்கானிக்குகள் இவ்விரண்டையும் பிரித்தே சொல்கிறார்கள்; 'செல்ஃப்' என்பது ஸ்டார்ட்டர் மோட்டார். பட்டறைப் பேச்சில் இருக்கும் தெளிவு நம் கலைச்சொல்லில் இல்லாமல் போகக் கூடாது.

இதுவரை வந்த பரிந்துரைகளில் 'முடுக்கல்' பொருந்தாது. முடுக்கம் என்பது இயற்பியல் பாடத்திலேயே வேக மாற்றத்துக்கு நிலைத்துவிட்டது. 'வணரித்தல்' என்பதும் எனக்கு உடன்பாடில்லை. வணர் என்றால் வளைவு. யாழின் வளைந்த தண்டை 'வணர்கோடு' என்று சங்கப் பாடல் சொல்லும். வளைந்த தண்டுக்கு வணரி என்பது அழகாகப் பொருந்துகிறது, ஆனால் அது உருவத்தைச் சொல்கிறதே தவிர, சுற்றும் செயலைச் சொல்லவில்லை. 'பற்றுதல்' என்ற சொல்லில் எனக்கே சிறிது மயக்கம் இருந்தது, எரிபொருளில் தீ பற்றினால்தானே எஞ்சின் ஓடும் என்று. ஆனால் 'சாவியைத் திருப்பியதும் கார் பற்றிக்கொண்டது' என்று கையேட்டில் படிப்பவர் தீயணைப்பு வண்டியைத்தான் அழைப்பார்.

என் பரிந்துரை 'சுழற்றல்', 'தன்னோட்டம்' என்னும் இரண்டு. எஞ்சினை மோட்டார் சுழற்றுவது பிறவினை; எஞ்சின் தன் எரிப்பாற்றலால் ஓடுவது தன்வினை. நாம் தேடும் வேறுபாடு தமிழ் இலக்கணத்திலேயே ஆயத்தமாக இருக்கிறது. சுழற்றலின்போது எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 சுற்றுகள்தான் சுற்றும். சூடேறிய எஞ்சின் தன்னோட்டத்தில், ஆக்ஸிலரேட்டர் மிதியை அழுத்தாதபோதும், ஏறத்தாழ 700 அல்லது 800 சுற்றுகளில் நிலைத்து ஓடும்.

சென்ற மாதம் என் காரிலேயே இதைச் சோதித்துப் பார்க்க நேர்ந்தது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு ஒலி, முகப்பு விளக்கு மங்கியது, அவ்வளவுதான். வோல்ட் மீட்டரின் முனைகளைப் பேட்டரியின் ஈயக் கம்பங்களில் வைத்தபோது 12.5 வோல்ட், சாவியைத் திருப்பியபோதும் அது பெரிதாகக் குறையவில்லை. ஒரு முனையைக் கம்பத்தின் மேல் இறுக்கியிருந்த கவ்விக்கு மாற்றி, மீண்டும் திருப்பச் சொன்னேன். அந்தக் கணத்தில் 4 வோல்ட்டுக்கு விழுந்தது; பழுது பேட்டரியில் அல்ல, அந்த இணைப்பில்தான். கவ்விக்கும் கம்பத்துக்கும் நடுவே வெளிர்பச்சைப் பொடி படிந்திருந்தது. கவ்வியைக் கழற்றி, கம்பித் தூரிகையால் இரண்டையும் தேய்த்து மாட்டியதும் சுழற்றல் வந்தது, அடுத்த நொடியில் தன்னோட்டமும் வந்தது. 'தொடங்கவில்லை' என்று மட்டும் எழுதியிருந்த பக்கத்தை நம்பியிருந்தால் எரிபொருள் பம்பிலிருந்து தேடத் தொடங்கியிருப்பேன்.

ஒரு மறுப்பை நானே எழுப்பிக்கொள்கிறேன். 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில், கையால் சுழற்றும் இரும்புத் தண்டுக்குப் பதிலாக மின்மோட்டார் வந்தது. சுழற்ற ஆள் வேண்டாம், தானே கிளம்பும் என்பதாலேயே அத்தகைய அமைப்புக்குச் 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' என்ற பெயர் பரவி, நம் பட்டறைகளில் 'செல்ஃப்' என்று சுருங்கியது. அந்தச் 'செல்ஃப்' சுழற்றலைக் குறிக்க, என் 'தன்' அதற்கு அடுத்த நிலையைக் குறிப்பது முதலில் சிலரைக் குழப்பலாம். ஆகவே கையேட்டில் அந்த மோட்டாரைச் 'சுழற்று மோட்டார்' என்றே எழுதலாம் என்பது என் கருத்து. 'சுழற்றி' என்று சுருக்கினால் மோட்டாரினுள் சுழலும் பாகமான 'சுழலி'யோடு மயங்கும்.

பேட்டரி தளர்ந்திருக்கையில் எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றுவதைத் 'தளர்சுழற்றல்' எனலாம். எஞ்சின் ஓடத் தொடங்கி, ஓரிரு நொடிகளில் அணைந்துவிடும் நிலை சாவியை அடையாளம் காணாத திருட்டுத் தடுப்புக் கருவியால் சில கார்களில் வருவதுண்டு. அதற்குத் 'தன்னோட்டம் நிலைக்கவில்லை' என்ற தொடரைத் தவிர எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஒற்றைச் சொல்லாக யாரேனும் தந்தால் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.