மூக்கடைப்பு நீங்கிய பின்னும் மணம் தெரியாதது ஏன்?

கேள்வி: வாலாஜா வாசகர்
என் அண்ணனுக்குப் பல ஆண்டுகளாகச் சைனஸ் அழற்சியும் மூக்கில் சதை வளர்ச்சியும் உண்டு. அறுவை சிகிச்சையில் சதையை அகற்றிய பின் தாராளமாக மூச்சு விடுகிறார். ஆனால் ஆம்பூர் பிரியாணியை முன்னே வைத்தாலும் உப்பும் காரமும் மட்டுமே தெரிகின்றன என்கிறார். ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்ட நாட்களில் மணம் திரும்பியது. மாத்திரை முடிந்ததும் போய்விட்டது. அவர் ராணிப்பேட்டைத் தோல் ஆலையில் வேலை பார்த்தவர் என்பதால், அந்த நாற்றத்துக்கு மூக்குப் பழகிவிட்டதே காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள். இது சரியா?

பதில்: காட்பாடி உயிரியல் ஆசிரியர்
பழக்கத்தால் மங்குவது அந்த ஒரு நாற்றம் மட்டுமே. அதை விட்டு விலகியிருந்தால் உணர்வு மீளும். பிரியாணியின் மணத்தை அது பறிக்காது. ஆலை வேதிப்பொருட்கள் சில மூக்கின் உட்படலத்தைப் புண்படுத்தக்கூடும் என்பதால், அந்த வேலையைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.
மூச்சு போகும் பாதையும் மணத்தை உணரும் இடமும் ஒன்றல்ல. மூக்கின் கூரையை ஒட்டிய குறுகிய பிளவில்தான் நுகர் படலம் இருக்கிறது. கீழே வழி திறந்திருந்தாலும் அந்தப் பிளவு வீங்கியிருந்தால் மண மூலக்கூறுகள் அங்கே சென்று சேர்வதில்லை. உணவின் மணமும் தொண்டையின் பின்வழியாக அதே இடத்துக்குத்தான் ஏற வேண்டும். உப்பை நாக்கு அறிந்துகொள்ளும், பட்டை, கிராம்பை அது அறியாது.

பதில்: காது மூக்கு தொண்டை முதுநிலை மாணவி, வேலூர்
அடைப்பு பாதிக் கதைதான். நுகர் நரம்பு செல்கள் வாழ்நாள் முழுவதும் அழிந்து, அடித்தளத்தில் உள்ள ஸ்டெம் செல்களிலிருந்து புதிதாக உருவாகிக்கொண்டே இருப்பவை. எலிகளின் நுகர் படலத்தில் டி.என்.எஃப். எனும் அழற்சிப் புரதத்தைத் தொடர்ந்து சுரக்கச் செய்த ஆய்வில், நரம்பு செல்கள் குறைந்ததோடு புதியவை உருவாவதும் தடைபட்டது. சுரப்பை நிறுத்தியதும் படலம் மீண்டது. அடித்தள செல்கள் பெருகும் வேலையை விட்டுவிட்டு, நோயெதிர்ப்பு செல்களை அழைக்கும் வேலைக்கு மாறிவிடுகின்றன என்று 2019இல் வெளியான எலி ஆய்வு காட்டியது. உடலைக் காக்க வேண்டிய ஏற்பாடே நரம்பின் புதுப்பித்தலை நிறுத்துகிறது என்பதுதான் இதில் என்னை வியக்கவைப்பது.
சதை வளர்ச்சியுள்ள பலரிடம் இயோசினோஃபில் எனும் வெள்ளை அணுக்களும், இன்டர்லூகின் 4, 5, 13 எனும் அழற்சியைத் தூண்டும் புரதங்களும் மிகுந்திருக்கும். கத்தி சதையை நீக்குமே தவிர இந்த அழற்சியை நீக்காது. மாத்திரை அதைத் தற்காலிகமாக அடக்கியது. ஸ்டீராய்டை நீண்ட நாள் விழுங்கினால் எலும்பும் சர்க்கரை அளவும் கெடும். எனவே மூக்கைக் கழுவுவதும், மூக்கில் இடும் ஸ்டீராய்டு மருந்தும், தேவைப்பட்டால் இன்டர்லூகின் 4, 13 இரண்டின் சமிக்ஞையையும் தடுக்கும் டூபிலுமாப் ஊசியும் பரிசீலிக்கப்படுகின்றன.

வாலாஜா வாசகர்
நன்றி அம்மா. இனி மீள வாய்ப்பு உண்டா?

முதுநிலை மாணவி
அழற்சி பல்லாண்டு நீடித்தால் நுகர் படலம் இருந்த இடத்தைச் சாதாரண சுவாசப் படலம் பிடித்துக்கொள்ளலாம். அந்நிலையில் மீட்பது கடினம். மாத்திரையால் மணம் திரும்பியதால், உங்கள் அண்ணனிடம் வேலை செய்யக்கூடிய நரம்பு செல்கள் எஞ்சியிருக்கின்றன என்றே கொள்கிறேன். மணம் மீளும் வரை, அவர் தனியாகச் சமைக்கும் வீடென்றால் எரிவாயுக் கசிவைக் காட்டும் கருவியைப் பொருத்துங்கள். சிலிண்டரில் எச்சரிக்கைக்காகச் சேர்க்கப்படும் மெர்காப்டனின் நாற்றமும் அவருக்கு எட்டாது.