செல்லில் கொழுப்பு ஏறுகிறது, கொழுப்பு உருவாக்கும் மரபணுக்களைத் தூண்டும் எஸ்ஆர்இபிபி-1சி புரதம் மட்டும் அசையவில்லை. யாராவது உதவுங்கள்!

கொழுப்புக் கல்லீரல் மாதிரிக்காக ஹெப்ஜி2 என்ற மனிதக் கல்லீரல் புற்று செல்களுக்கு ஒலியேட், பால்மிடேட் என்ற கொழுப்பமிலங்களின் 2:1 கலவை, மொத்தம் 1 மில்லிமோலார், 24 மணி நேரம் கொடுக்கிறோம். அவற்றைச் சுமக்க, கொழுப்பமிலம் நீக்கிய பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரதம்) 1%. கன்ட்ரோலுக்கும் அதே பிஎஸ்ஏ. ஆயில் ரெட் ஓ சாயத்தில் உட்கருவைச் சுற்றிச் சிவப்புத் துளிகள் மணிமணியாக நிற்கின்றன. ஐசோபுரொப்பனாலில் கரைத்து 510 நானோமீட்டரில் அளந்தாலும் ஏற்றம் தெரிகிறது.

சிக்கல், புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டில். எஸ்ஆர்இபிபியின் வெட்டப்படாத 125 கிலோடால்டன் முன்வடிவம் பளிச்சென்று வருகிறது. 68 அருகே வர வேண்டிய, வெட்டுப்பட்டு உட்கருவுக்குப் போகும் முதிர்ந்த வடிவம் கன்ட்ரோலைவிட மங்கல். அது தூண்டும் எஃப்ஏஎஸ் (கொழுப்பமிலம் உருவாக்கும் நொதி) எம்ஆர்என்ஏவும் இறங்குகிறது.

என் சந்தேகம் ஒலியேட் மேல்தான். அது போன்ற நிறைவுறாக் கொழுப்பமிலம், எஸ்ஆர்இபிபியைப் பிடித்து வைக்கும் இன்சிக்-1 புரதம் சிதைவதைத் தடுக்கும்; அப்போது எஸ்ஆர்இபிபி, வெட்டப்படும் இடமான கோல்கிக்குப் போகாமல் எண்டோபிளாச வலையிலேயே தங்கிவிடும். அப்படியானால் இது வெளியிலிருந்து கொழுப்பைத் திணித்த மாதிரிதானே தவிர, செல் தானே கொழுப்பு உருவாக்கும் மாதிரி அல்ல.

இன்னொன்று, உட்கருவுக்குப் போன முதிர்ந்த வடிவத்தைப் புரோட்டியசோம் (செல்லின் புரதம் சிதைக்கும் அமைப்பு) வேகமாகத் தின்றுவிடும். செல் அறுவடைக்கு முன், அதைத் தடுக்கும் ஏஎல்எல்என் 25 மைக்ரோகிராம்/மிலி சேர்ப்பவர்கள் எத்தனை மணி நேரம் விடுகிறீர்கள்?

கொழுப்பமிலத்தை விட்டுவிட்டு 25 மில்லிமோலார் குளுக்கோஸ், 100 நானோமோலார் இன்சுலின் என்று மாற்றியவர்களுக்கு முதிர்ந்த பட்டை தெளிவாக வந்ததா? (ஹெப்ஜி2-இல், கொழுப்புக் கல்லீரலோடு தொடர்புள்ள பிஎன்பிஎல்ஏ3 மரபணுவின் இரு பிரதியும் 148எம் என்ற மாற்றவகை என்பது தெரியும், அது வேறு தலைவலி.)