பணம் கேட்கும் பொத்தானுக்கு என்ன பெயர்?

(குழும மடல் இழை. எழுதியவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டுள்ளன.)

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். நண்பர்கள் சேர்ந்து செய்த செலவைப் பங்கு போட்டு, அவரவர் பங்கைக் கைப்பேசியிலேயே கேட்டு வாங்க உதவும் செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கோப்பை ஒப்படைக்க வேண்டும். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. ரிக்வெஸ்ட், ஸ்ப்ளிட், டிக்ளைன், செட்டில் அப் ஆகிய நான்கும்தான் பாக்கி. இப்போதைக்குக் கோரிக்கை, பிரி, நிராகரி, தீர் என்று போட்டிருக்கிறேன். ஒன்றுமே மனத்துக்கு ஒட்டவில்லை. "கோரிக்கை" என்றால் மனு எழுதி அலுவலகத்தில் கொடுப்பது போலிருக்கிறது. நண்பனிடம் அவன் பங்கைக் கேட்பதற்கு அவ்வளவு பெரிய சொல் எதற்கு?

பொத்தானில் இடம் குறைவு. நீளமான சொல் என்றால் பாதியில் வெட்டுப்படும். அதையும் மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

தமிழாசிரியர்:

அம்மா, இந்த வேலைக்கென்றே தொல்காப்பியர் நூற்பா செய்து வைத்திருக்கிறார். சொல்லதிகாரம், எச்சவியல்:

"ஈ தா கொடு எனக் கிளக்கும் மூன்றும்
இரவின் கிளவி ஆகிடன் உடைய"

மூன்றும் கேட்கும் சொற்களே. ஆனால் யார் யாரிடம் கேட்கிறார் என்பதில் வேறுபாடு உண்டு. "ஈ என் கிளவி இழிந்தோன் கூற்றே." தாழ்ந்த நிலையில் இருப்பவன் உயர்ந்தவனிடம் கேட்பது அது. "கொடு என் கிளவி உயர்ந்தோன் கூற்றே." இரண்டுக்கும் நடுவில் "தா என் கிளவி ஒப்போன் கூற்றே." ஒத்த நிலையில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் சொல் "தா". சேர்ந்து செலவு செய்த நண்பர்கள் ஒப்போர் அல்லாமல் வேறு யார்? கோரிக்கையும் வேண்டுகோளும் கேட்பவனைக் கீழே நிறுத்துகின்றன. வசூலும் தண்டலும் அவனை மேலே ஏற்றுகின்றன. "தா" மட்டுமே சமமாக நிற்கிறது. பெயர்ச்சொல் வேண்டுமானால் "தரவு" என்று வைத்திருக்கலாம். அதைத்தான் டேட்டாவுக்குக் கொடுத்துவிட்டோமே. கலிப்பாவின் உறுப்பு கணினிக்குப் போய்விட்டது. அது தனி வருத்தம். "தருகை" என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிரலாளர்:

ஐயா, நூற்பா அருமை. ஆனால் "தருகை" என்ற பொத்தானைப் பார்க்கிறவர், தான் கொடுக்கப்போகிறோம் என்று நினைப்பாரா, வாங்கப்போகிறோம் என்று நினைப்பாரா? எனக்கே ஒரு நொடி குழம்பியது.

மக்கள் இதற்குப் பெயர்ச்சொல்லே தேடுவதில்லை. "ஜிபே பண்ணிடு" என்கிறார்கள், முடிந்தது. மற்ற மொழிகளிலும் இதே கதைதான். சுவீடனில் 2012இல் வந்த சுவிஷ் செயலியின் பெயரையே வினையாக்கி "சுவிஷா" என்கிறார்கள். நெதர்லாந்தில் 2016இல் வந்த டிக்கி, பணம் கேட்கும் இணைப்பை நண்பருக்கு அனுப்புவதற்கென்றே வந்தது. அங்கே "ஒரு டிக்கி அனுப்பு" என்றால் "என் பங்கு எவ்வளவு என்று கேட்டு அனுப்பு" என்று பொருள். வணிகப் பெயரை நாம் பொத்தானில் போட முடியாதுதான். ஆனால் பேச்சில் வினையே முந்துகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். "பணம் கேள்" என்று போட்டால் யாருக்குப் புரியாது?

ஈழத்து நண்பர்:

வணக்கம். எங்களுக்குப் பேமெண்ட் என்றால் "கொடுப்பனவு". பள்ளிக்கூடக் காலம் முதல் பழகிய சொல். உங்கள் கோப்பில் "பணம் செலுத்துதல்", "கட்டணம்" என்று மாறி மாறி வரும் என்று நினைக்கிறேன். கட்டணம் என்பது ஒரு சேவைக்குக் கட்டுவது. நண்பருக்கு நான் கட்டணம் செலுத்துவதில்லை. இடம் போதாவிட்டால் "காசு கேள்" என்று போடுங்கள். காசு சங்க காலத்துச் சொல்தான், கொச்சை என்று யாரும் தள்ள வேண்டாம்.

தமிழாசிரியர்:

காசு நல்ல சொல், ஏற்கிறேன். அக்காலத்தில் அது மணியையும் குறித்தது. பொற்காசு கோத்த அணி காசுமாலை. அதற்குப் பிறகுதான்

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, மடல் பாதியில் நின்றுவிட்டது. ஆனால் வெள்ளிக்கிழமையை நினைவூட்டிக்கொள்கிறேன்.

வங்கிப் பணியில் இருந்தவர்:

இழையை முழுக்கப் படித்தேன். சொல்லின் அழகைப் பற்றியே பேசுகிறீர்கள். அது சரி, ஆனால் இங்கே சொல் தவறினால் பணம் போய்விடும்.

இந்த வசதியை வைத்து நடந்த மோசடிகள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் நடந்தன. ஏமாற்றுபவன் பணம் கேட்டு ஒரு ரிக்வெஸ்ட் அனுப்புவான். அனுப்பிவிட்டு, "உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, ஏற்றுக்கொண்டு பின் எண்ணைப் போடுங்கள்" என்று தொலைபேசியில் சொல்வான். திரையில் "கோரிக்கையை ஏற்கவா?" என்று இருக்கும். ஏற்பது என்றால் வாங்கிக்கொள்வது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? பின் எண்ணைப் போட்டதும் கணக்கிலிருந்து பணம் போகும். இந்தியாவில் யூபிஐ வழியாக ஆளுக்கு ஆள் இப்படிக் கேட்கும் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். மோசடிதான் காரணம். பணத்தை வாங்கப் பின் எண் தேவையே இல்லை, கொடுக்கத்தான் தேவை. இந்த ஒரு உண்மையைச் சொல் மறைத்தால், எவ்வளவு தூய தமிழாக இருந்தாலும் அது கெட்ட சொல்.

ஆகவே என் நிபந்தனை ஒன்றே ஒன்று: பணம் எந்தப் பக்கம் போகிறது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். வங்கித் தமிழில் டிமாண்டுக்குக் "கேட்பு" என்ற சொல் ஏற்கெனவே நிலைத்திருக்கிறது, "கேட்பு வரைவோலை" எல்லோருக்கும் தெரிந்ததே. "பணக் கேட்பு" என்று வைக்கலாம். அதனோடு "ஏற்கவா" என்ற வினை எங்கும் வரவே கூடாது.

தமிழாசிரியர்:

திசை தெரிய வேண்டும் என்கிறார் நண்பர். நூறு விழுக்காடு உடன்படுகிறேன். அதனால்தான் மறுபடியும் தொல்காப்பியத்துக்கே போகிறேன். கிளவியாக்கத்தில்:

"தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும்
தன்மை முன்னிலை ஆயீர் இடத்த"

தருதலும் வருதலும் என்னை நோக்கியோ உன்னை நோக்கியோ மட்டும் நிகழும். செல்லுதலும் கொடுத்தலும் மூன்றாமவருக்கு. எனக்குத் தா, உனக்குத் தருகிறேன், அவனுக்குக் கொடு. இவ்வளவு துல்லியமாகத் திசை காட்டும் வினை தமிழில் இருக்கும்போது, திசையே காட்டாத "கோரிக்கை" எதற்கு? கோருதல் தெலுங்கில் விரும்புதலைக் குறிக்கும். அதன் பிறப்பைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

இன்னொரு சொல்லும் இருக்கிறது. நண்பருக்காக நான் முன்கூட்டிக் கொடுத்து, அதே அளவைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன். வள்ளுவர் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்: "வறியார்க்கொன்று ஈவதே ஈகைமற் றெல்லாம் குறியெதிர்ப்பை நீரது உடைத்து." அளவு குறித்துக் கொடுத்து அதே அளவில் எதிர் பெறுவது குறியெதிர்ப்பை. புறநானூற்றிலும் பெருஞ்சித்திரனார் மனைவியிடம் "நெடுங்குறி எதிர்ப்பை நல்கியோர்க்கும்" கொடு என்கிறார். இந்தச் செயலியின் மொத்த வேலையும் குறியெதிர்ப்பைதான்.

நிரலாளர்:

ஐயா, அந்தச் சொல்லை இரண்டு முறை படித்தேன், மூன்றாம் முறைதான் வாயில் வந்தது. மக்கள் நாவில் இருப்பது "கைமாற்று". வட்டி இல்லை, எழுத்து இல்லை, நாலு நாளில் தருகிறேன் என்று நண்பரிடம் வாங்குவது. குறியெதிர்ப்பையின் இடத்தில் இன்று உயிரோடு இருக்கும் சொல் அதுதான்.

தமிழாசிரியர்:

கைமாற்று எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் "கைம்மாறு வேண்டா கடப்பாடு" என்னும் குறளின் கைம்மாறோடு குழம்பும். ஒன்று திருப்பித் தந்தே ஆக வேண்டியது, மற்றொன்று எதிர்பார்க்கவே கூடாதது.

வங்கிப் பணியில் இருந்தவர்:

எந்தக் குழப்பமும் வராது. கைமாற்று வாங்கியவன் யாரும் திருக்குறளைச் சொல்லித் தப்பியதில்லை. ஆனால் ஒன்று, பங்கு கேட்பது கைமாற்றும் ஆகாது. அவர் என்னிடம் கடன் வாங்கவில்லை. சேர்ந்து செய்த செலவில் அவர் பங்கை நான் முதலில் போட்டேன், அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பாளர்:

இது உண்மையிலேயே உதவியது. "கடன்" என்ற சொல்லைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டேன். "நீங்கள் இவ்வளவு கடன்பட்டிருக்கிறீர்கள்" என்று நண்பரின் திரையில் வந்தால் உறவே கெட்டுவிடும். இப்போது ஸ்ப்ளிட்டுக்கு வருவோமா? "பகிர்" என்று போட முடியாது, படத்தையும் இணைப்பையும் பகிரும் பொத்தான் அதே திரையில் இருக்கிறது. "பிரி" என்றால் ஆட்களைப் பிரிப்பது போலிருக்கிறது.

ஈழத்து நண்பர்:

"பங்கிடு".

நிரலாளர்:

பங்கு என்றால் பங்குச் சந்தை நினைவுக்கு வராதா? பணம் சார்ந்த செயலி ஆயிற்றே.

தமிழாசிரியர்:

பங்குச் சந்தைக்காரர்கள் எடுத்துக்கொண்டால் நாம் விட்டுவிட வேண்டுமா? ஏற்கெனவே தரவை விட்டோம். வேர் "பகு". பகுதி, பகிர்வு, பங்கு, பாதி, பால், பாத்தி எல்லாம் ஒரே குடும்பம். "தம்மில் இருந்து தமதுபாத் துண்டற்றால்" என்னும் குறளில் வரும் "பாத்து", பகுத்து என்பதன் மரூஉ. நடுவில் பகுப்பதால் பகல், மனம் பகுபடுவதால் பகை. பாகமும் இந்த வேரே என்பேன், வடசொல் என்போர் மறுக்கட்டும். நுகத்தடியின் நடுவிலுள்ள ஆணிக்கும் பகல் என்றே பெயர். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரை "நெடுநுகத்துப் பகல் போல நடுவு நின்ற நன்னெஞ்சினோர்" என்கிறது. "கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது" என்று தொடர்கிறது. செலவுப் பங்கீட்டுச் செயலிக்கு இதைவிட நல்ல இலக்கணத்தை எவர் எழுத முடியும்? "பகு" என்றே போடுங்கள். இரண்டே எழுத்து, வெட்டுப்படாது.

நிரலாளர்:

பாட்டு அருமை, கேள்வியே இல்லை. ஆனால் பொத்தானில் "பகு" என்று மட்டும் இருந்தால் வகுத்தல் கணக்கு என்று நினைப்பார்கள். "பங்கிடு" என்பதற்கு என் வாக்கு. சந்தை பற்றிய கவலையை விட்டுவிட்டேன், "-இடு" வந்ததுமே பொருள் தெளிந்துவிடுகிறது.

மொழிபெயர்க்க வேண்டிய இன்னொரு சரமும் (திரையில் வரும் தொடர்) இருக்கிறது, யாரும் தொடவில்லை. நான் உங்களுக்கு நூறு தர வேண்டும், நீங்கள் மூன்றாமவருக்கு நூறு கொடுக்க வேண்டும் என்றால், செயலி உங்களை நடுவிலிருந்து எடுத்துவிட்டு என்னையே அவருக்குக் கொடுக்கச் சொல்லும். ஐந்து பேர் குழுவில் பத்து இணைகளுக்குள் கொடுக்கல் வாங்கல் சிக்கிக் கிடந்தாலும், ஒவ்வொருவருக்கும் நிகரமாக எவ்வளவு வர வேண்டும், போக வேண்டும் என்று கூட்டிக் கழித்துப் பார்த்தால் அதிகபட்சம் நான்கு கொடுப்பனவில் முடிந்துவிடும். இதற்கும் ஒரு பெயர் வேண்டும்.

வங்கிப் பணியில் இருந்தவர்:

"கணக்குச் சுருக்கு". ஆனால் அதை இயக்கும்போது பொருளைத் தெளிவாக எழுதுங்கள். எனக்கு எதுவுமே தராத ஒருவர் திடீரென்று என்னிடம் பணம் கேட்பார். முன்கூட்டித் தெரியாவிட்டால் அதுவும் மோசடி போலத்தான் தோன்றும்.

செட்டில் அப் என்பதற்கு "தீர்" வேண்டாம். "கணக்கைத் தீர்த்துக்கொள்" என்றால் பழிவாங்குவது போல ஒலிக்கிறது. "நேர்செய்" என்று போடலாம். கணக்கு எழுதியவர்கள் சொல்வதும் அதுதான்: கணக்கு நேராயிற்று.

தமிழாசிரியர்:

நேர்செய் என்பதை முழு மனத்தோடு ஏற்கிறேன். நேர்தலுக்குக் கொடுத்தல் என்றும், உடன்படுதல் என்றும் பொருள் உண்டு. நேர்த்திக்கடனிலும் இருப்பது இந்த நேர்தான். நேராக்குதல், கொடுத்தல், உடன்படுதல் மூன்றும் ஒரே சொல்லில் அமைந்துவிட்டன.

டிக்ளைனுக்கு "நிராகரி" கூடாது. வடசொல் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். "ஈயென இரத்தல் இழிந்தன்று அதனெதிர் ஈயேன் என்றல் அதனினும் இழிந்தன்று" என்று கழைதின் யானையார் பாடியிருக்கிறார். கொடு என்று இரப்பது இழிவு, கொடுக்கமாட்டேன் என்பது அதைவிட இழிவு. மறுப்பவரை அந்த இடத்தில் நாம் நிறுத்தக் கூடாது.

ஈழத்து நண்பர்:

நான் மறுப்பதே பெரும்பாலும் தொகை பிழை என்பதால், அல்லது கையில் முன்பே கொடுத்துவிட்டதால். ஆகவே மறுக்கும்போது காரணம் கேட்கும் வரிகள் வேண்டும்: "தொகை சரியில்லை", "முன்பே கொடுத்துவிட்டேன்". பொத்தானில் "மறு" போதும்.

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. இன்று இரவு கோப்பை அனுப்புகிறேன். முடிவு இது:

கேட்பவர் திரையில் பொத்தான் "பணம் கேள்". கேட்கப்பட்டவர் திரையில் பெயர்ச்சொல்லே கிடையாது, முழு வாக்கியம்: "இவர் உங்களிடம் பணம் கேட்கிறார். கொடுத்தால் உங்கள் கணக்கிலிருந்து போகும்." கீழே "கொடு", "மறு". "ஏற்கவா" எங்குமே இல்லை. பட்டியல் தலைப்புகள் "எனக்கு வர வேண்டியவை", "நான் கொடுக்க வேண்டியவை". இவை கிளவியாக்க நூற்பாவைப் படித்தபின் மாற்றியவை, ஐயாவுக்கு நன்றி. ஸ்ப்ளிட்டுக்குப் "பங்கிடு", செட்டில் அப்புக்கு "நேர்செய்". உதவிப் பக்கங்களில் பெயர்ச்சொல் தவிர்க்க முடியாத இடங்களில் "பணக் கேட்பு". "காசு" மூவருக்குப் பிடித்திருந்தது. தொகை பெரிதானால் பொருந்தாது என்று வாடிக்கையாளர் தரப்பில் சொல்லிவிட்டார்கள்.

தமிழாசிரியர்:

அம்மா, நன்றாகவே செய்திருக்கிறீர்கள். "கேட்பு" என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை என்று குழுமத்தின் சொற்பட்டியலில் குறித்து வைக்கவும். அது வரி கேட்பவன் சொல். கடன் கொடுத்தவன், நிலவரி விதித்தவன் வாயிலிருந்து வந்தது. ஒப்போன் கூற்று "தா"வே. "தா எனக் கேள்" என்று ஒரு சிறு குழுவுக்காவது அடுத்த பதிப்பில் காட்டிப் பாருங்கள், புரியவில்லை என்று யாராவது சொல்கிறார்களா பார்ப்போம். கோரு என்பதன் பிறப்பைப் பற்றிய மடலைத் தனி இழையில் தொடங்குகிறேன்.

நிரலாளர்:

தனி இழையில் தொடங்குங்கள் ஐயா, காத்திருக்கிறேன். "தா எனக் கேள்" பொத்தானில் அடங்குமா என்று இப்போதே பார்த்தேன். அடங்குகிறது.