லண்டனிலிருந்து பாரிஸ்: விமானமா, ரயிலா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈஸ்ட்ஹாமிலிருந்து:
போன மார்கழியில் பாரிஸில் பெரியம்மா இறந்துபோனார். வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரைக்குக் கிரியை. இணையத்தில் பார்த்தேன்: நேர்கோட்டில் 344 கிலோமீட்டர், விமானத்தில் ஒரு மணி இருபது நிமிடம். ரயில் என்றால் இரண்டே கால் மணி நேரம். யோசிக்காமல் காலை 8.40 விமானத்துக்கு டிக்கெட் போட்டேன்.

அந்த ஒரு மணி இருபது நிமிடத்தில் வானத்தில் இருப்பது முக்கால் மணி நேரம்போலத்தான். மிச்சமெல்லாம் ஓடுபாதைக்குப் போவதும் வருவதும். அன்று பனிமூட்டம் வேறு. ஒரு மணி நேரம் உள்ளேயே உட்கார வைத்தார்கள். இறங்கியபோது என் கைக்கடிகாரத்தில் 11 மணி. பிரான்ஸில் அது 12. பாஸ்போர்ட் வரிசையில் நாற்பது நிமிடம். விமான நிலையம் நகரத்திலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து ரயில் பிடித்து பாரிஸ் நகரத்துக்குள் இருக்கும் கார் து நோர் ரயில் நிலையத்துக்கு வந்து சேர ஒன்றரை ஆகிவிட்டது. அதற்குள் பெட்டியை மூடிவிட்டார்கள். என்னைத் தூக்கி வளர்த்தவரின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக் கிடைக்கவில்லை.

லண்டன் செயின்ட் பான்கிராஸ் ரயில் நிலையத்தில் ஆறு மணியை ஒட்டிய முதல் ரயிலை எடுத்திருந்தால், பிரான்ஸ் நேரம் ஒன்பதரைக்குள் கார் து நோரில் நின்றிருப்பேன். பிரெஞ்சுக் குடிவரவுச் சோதனையும் லண்டனிலேயே முடிந்துவிடும். அங்கே இறங்கினால் நேரே வெளியே நடக்க வேண்டியதுதான். அவசரத்துக்குப் போகிறவர்கள் பறக்கும் நேரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வீட்டு வாசலிலிருந்து வாசல்வரை கணக்குப் போடுங்கள்.

ஹாரோவிலிருந்து:
வாசிக்கவே மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது, தம்பி. நான் 1994இல் கடலுக்கடியில் பிரான்ஸுக்குப் போகும் சுரங்கம் திறந்த காலத்திலிருந்து ரயிலில்தான் போகிறேன். அப்போது லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து புறப்படும். இங்கிலாந்துப் பக்கம் பழைய தண்டவாளத்தில் ஊர்ந்துதான் போகும்; பிரான்ஸுக்குள் நுழைந்ததும் 300 கிலோமீட்டர் வேகம். 2007இல் புதுப் பாதை முழுதாகத் திறந்த பிறகுதான் இந்த இரண்டே கால் மணி நேரம். சுரங்கத்துக்குள் இருபது நிமிடம், ஜன்னலில் நம் முகம் மட்டும் தெரியும். வெளிச்சம் வந்தால் பிரான்ஸின் கலே.

குரொய்டனிலிருந்து:
சாமான் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு விஷயம். விமானத்தில் கைப்பையில் வைத்த அம்மாவின் எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தலை, நூறு மில்லிக்கு மேல் என்று சோதனையில் எடுத்துவிட்டார்கள். எண்ணெய் மேலே மிதக்க, அதைக் குப்பைப் பெட்டிக்குள் போட்டதை இப்போதும் மறக்க முடியவில்லை. ரயிலில் அந்த நூறு மில்லிக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் 2021இலிருந்து இங்கிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோக முடியாது. மட்டன் ரோல், நெய் எதுவும் வேண்டாம். பாரிஸில் நம் கடைகள் இருக்கும் லாச்சப்பலில் எல்லாம் கிடைக்கும். கார் து நோரிலிருந்து நடந்தே போகலாம்.

ஹவுன்ஸ்லோவிலிருந்து:
எங்களுக்கு விமானம்தான் சரி. ஹீத்ரோ பக்கத்தில் இருக்கிறது, அக்கா வீடு பாரிஸுக்கு வெளியே வடக்கில், சார்செலில். அத்தான் காரில் வந்து ஏற்றிக்கொள்வார். நகரத்துக்குள் போய்த் திரும்பி வரும் அலைச்சல் இல்லை. ஆனால் கிரியை, கல்யாணம் என்றால் முதல் நாள் இரவே போய்விடுவோம்.