புயல்ல மூஞ்சி வெளிறினவர் ஸ்டோயிக்கா இல்லையா

பழையசோறு: நேத்து மொட்டமாடி இங்க எழுதியிருந்தார், ஸ்டோயிக் பயிற்சி (உணர்ச்சிக்கு அடிமையாகாம பகுத்தறிவோட வாழச் சொல்ற பழைய கிரேக்க தத்துவம்) ஒழுங்கா பண்ணா பயமே வராதாம், முதல் எண்ணத்தையே அமுக்கிடலாமாம். படிச்சதுலேர்ந்து எரிச்சல். பழைய ரோமானிய எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் தன்னோட கப்பல் பயணத்தப் பத்தி எழுதினத படிங்க சார். கிரீஸ் பக்கம் காசியோப்பாலேர்ந்து இத்தாலியில இருக்கற புருண்டிசியம் போற கப்பல், ராத்திரி புயல், கூட ஏதென்ஸ்ல பேரெடுத்த ஸ்டோயிக் வாத்தியார் ஒருத்தர், அவருக்கே மூஞ்சி வெளிறிப்போச்சு. புயல் அடங்கினப்புறம் கெல்லியஸ் போய் கேட்டா மூட்டையிலேர்ந்து ஸ்டோயிக் தத்துவஞானி எபிக்டெடஸோட உரைகள் அஞ்சாவது புத்தகத்த எடுத்து நீட்டுறார். முதல்ல மனசுல படுறது நம்ம கையில இல்ல, அதுக்கு ஆமா போடறதுதான் நம்ம கையில, அவ்ளோதான் அதுல விஷயம்.

மொட்டமாடி: வெளிறிட்டார்ல? அப்ப ஃபெயில்.

பழையசோறு: மூணு நிமிஷத்துல பதில், நல்லா நிதானிச்சிருக்கீங்க. பச்சத்தண்ணி தெளிச்சா உடம்பு சிலிர்க்குது, அந்த மாதிரிதான்னு ரோமானிய ஸ்டோயிக் செனெகாவும் கோபத்தப் பத்தி எழுதினதுல சொல்றார். சிலிர்த்தா ஃபெயிலா?

அரைடிக்கெட்: அந்த அஞ்சாவது புத்தகமே இப்ப இல்லியே, நாலுதான கெடைக்குது. காணாமப்போன புத்தகத்த காட்டி மிரட்டுறீங்க.

பழையசோறு: சாரத்த கெல்லியஸ் எழுதி வெச்சிருக்கார். இருக்கற நாலுல ரெண்டாவத திறங்க, "கொஞ்சம் பொறு, நீ யாரு, எதப் பத்தி வந்தேன்னு பாக்கறேன்"னு மனசுல பட்டதுகிட்டயே பேசச் சொல்றார் எபிக்டெடஸ். வந்தாத்தான பொறுன்னு சொல்ல முடியும், வராதவன்கிட்ட யாரு சொல்லுவா?

மொட்டமாடி: எனக்கு வரல. போன வாரம் ஒருத்தன் பைக்ல இடிச்சான், ஒண்ணுமே தோணல. உங்க வாத்தியார் வெளிறிட்டார். எபிக்டீட்டஸ்னு பேரையாச்சும் ஒழுங்கா எழுதுங்க.

பழையசோறு: அந்தக் கப்பல்லயும் உங்கள மாதிரி ஒரு பணக்காரர் இருந்தார், நான் வெளிறல நீ ஏன் வெளிறினன்னு கேட்டவர். அவருக்கு வாத்தியார், கிரேக்க தத்துவஞானி அரிஸ்டிப்பஸோட பழைய பதிலையே குடுத்தார், உன் உருப்படாத உயிருக்கு நீ எதுக்கு கவலப்படப்போறன்னு.

மொட்டமாடி: தனிமனித தாக்குதல். அட்மின் பாருங்க. கம்பராமாயண திரியிலயும் இவர் இதான் பண்ணார்.

அரைடிக்கெட்: அந்தத் திரியில மொதல்ல ஆரம்பிச்சது நீங்கதான் அண்ணே.

மொட்டமாடி: நான் ஆரம்பிக்கல, கேள்வி கேட்டேன்.

பழையசோறு: கம்பர விடுங்க. புயல்ல மத்தவங்க கத்திக் கூப்பாடு போட்டாங்க, வாத்தியார் போடல, அத கெல்லியஸ் தனியா குறிச்சிருக்கார். எத்தன தடவ சொல்றது?

மொட்டமாடி: வெளிறினாரா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க.

பழையசோறு: வெளிறினார்யா! மேல நாலு தடவ எழுதியிருக்கேன், அது கண்ணுக்குத் தெரியல, எபிக்டெடஸுக்கு டீயா டெயான்னு மட்டும் தெரியுதா?