ஸ்லைடர் ஆமை முட்டையிட முடியாமல் தவிக்கிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. மதுரையில் இருக்கிறோம். எங்கள் ரெட் இயர்டு ஸ்லைடர் பெண் ஆமைக்கு ஓடு மட்டும் 20 செ.மீ.க்கு மேல் இருக்கும். சில நாளாக இரையைத் தொடவில்லை. தொட்டியின் மூலையில் நின்று, மண் தோண்டுவது போலப் பின்னங்கால்களை மாற்றி மாற்றி அசைக்கிறது. ஆண் சேராமலே முட்டை வைக்கக்கூடிய இனம் இது. முட்டை உள்ளேயே தங்கிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

பெரிய டப்பில் ஈர மணலையும் தோட்டமண்ணையும் கலந்து ஓர் அடி ஆழத்துக்கு நிரப்பி வைத்தேன். இறக்கிவிட்டால் வெளியே ஏறத்தான் பார்க்கிறது. ஆழம் போதாதா? ராத்திரி முழுக்க அதிலேயே விடலாமா?

அப்புறம் முக்கியமாக, ஆமைக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் கால்நடை மருத்துவர் மதுரை, திண்டுக்கல் பக்கம் யாராவது தெரிந்தால் உடனே சொல்லுங்கள். குளத்தில் விடச் சொல்லாதீர்கள், நம்மூர் ஆமைகளுக்கு அது பெரிய கேடு.